குப்பை என்றொரு பேர்

அத்தையின் பேர் எனக்குத் தெரியும். ஆனால் எழுத மாட்டேன். ஒருத்தியின் பேரை நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதிவைப்பது அவளுக்கு அறவே பிடிக்காது. கண் பட்டுவிடும் என்பாள். அவள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆன பிறகு யார் கண் பட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவளிடம் கேட்டிருந்தால் முறைத்திருப்பாள். அந்த முறைப்புக்கு நான் இன்னும் பயப்படுகிறேன்.

காரைக்குடியில் ரயிலடிக்குப் போகிற வழியில், தச்சு வேலைக்காரர்களும் நகை வேலைக்காரர்களும் சேர்ந்து குடியிருந்த தெரு எங்களுடையது. அத்தை எதிர்வீடு. சொந்த அத்தை இல்லை. அம்மாவும் அவளும் ஒருத்தியை ஒருத்தி மதினி என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தையானாள். அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிட்டவர், கதவு வேலையில் கெட்டிக்காரர், பேச்சில் ஊமை. அவருக்கும் சேர்த்து அத்தை பேசினாள்.

தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பேர் கேட்க அவளிடம்தான் வருவார்கள். ஜோசியர் முதல் எழுத்தைச் சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அத்தைக்குத்தான் தெரியும். முனை டீக்கடையில் ஒரு ரேடியோ இருந்தது. குழந்தைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிற நேரத்தில் சரியாக அத்தை வீட்டில் தண்ணீர் தீர்ந்துபோகும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு எதிரே நின்றுவிடுவாள். எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். பேர் மட்டும் போதும்.

"போன வருசம் பூரா உஷா உஷான்னாக. இப்ப பாரு, லதா வந்துருச்சு" என்பாள், ஜவுளிக்கடைக்காரர் புது ரகம் இறங்கியிருப்பதைச் சொல்கிற தோரணையில்.

ஆனால் கேட்ட பேரையெல்லாம் வைத்துவிட மாட்டாள். பிள்ளையின் முகத்தை வெகுநேரம் பார்ப்பாள். பிறகு பெற்றவளைப் பார்த்து, "இருவது வயசுல இந்தப் பேரு நல்லாத்தான் இருக்கும். அறுவது வயசுல? பேபி கெழவின்னு ஒருக்காச் சொல்லிப் பாரு" என்பாள். சொல்லிப் பார்த்தவர்கள் சிரித்துவிட்டு வேறு பேர் கேட்பார்கள்.

எங்கள் தெருவில் அப்போது வயதானவர்கள் எல்லாரும் இருளாயி, ராக்காயி, பேச்சி, கருப்பையா, மூக்கன். பிறக்கிறதெல்லாம் சாந்தி, வசந்தா, ரவி. நடுவில் மாமியார்கள்தான் கிடந்து தவித்தார்கள். முதல் பேத்திக்கு அப்பனைப் பெற்றவள் பேரை வைப்பது முறை. முனைவீட்டு இருளாயி தன் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மருமகள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அத்தை போனாள். மருமகளிடம் போகவில்லை. நேரே இருளாயியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஒங்க பேரையே வச்சுருவோம். ஆனா மருமக மாமியா பேரச் சொல்லக் கூடாதுல்ல? அப்ப அவ பெத்த புள்ளைய அவளால கூப்புடவே முடியாது. சரி, சொல்லிக்கன்னு விட்டீகன்னா, புள்ள சேட்டை பண்ணும்போது ஒங்க பேரச் சொல்லித்தான் வைவா. மூதேவி, சனியனேன்னு. கேட்டுக்கிட்டு இருக்கீகளா?"

இருளாயி சாயங்காலம்வரை யோசித்தாள். குழந்தை சாந்தியாகிவிட்டது.

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் மாமாவுக்கு மாதக்கணக்கில் கதவு வேலை இருந்தது. அத்தை சில நாள் பஸ் ஏறிச் சோறு கொண்டுபோவாள். அங்கே நகரத்தார் வீட்டு வழக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து அதிசயப்படுவாள். பேரனுக்கு ஐயா பேர், பேத்திக்கு அப்பத்தா பேர். தொட்டிலில் கிடக்கிறது சிகப்பி, ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பதும் சிகப்பி. "அவுக வீட்டுல பேரு பழசாகிறதே இல்ல" என்பாள். தேர்தல் நேரத்தில் எங்கள் தெருவிலும் தமிழ்ச்செல்வி, அன்பரசன் என்றெல்லாம் வரத் தொடங்கியபோது அவள் அசரவில்லை. "இதெல்லாம் ராசா காலத்துப் பேரு. இப்பத் தூசி தட்டிக் கொண்டாந்துருக்காக. பேரு எங்குட்டும் போறதில்ல, பரண்லதான் கெடக்கும்" என்றாள்.

இப்படித் தெரு முழுக்கப் பேர் வைத்தவள், தன் ஒரே மகனுக்கு வைத்த பேர் குப்பை.

அது நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அம்மா சொல்லித்தான் தெரியும். அத்தைக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது. தெருவே பேச்சி, இருளாயி என்றிருந்த காலத்தில் அவள் அதற்கு வனஜா என்று பேர் வைத்தாள். எங்கோ காதில் விழுந்த பேர். தெருவுக்கே அது புதுசு. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள்கூட நின்று ஒருதரம் கூப்பிட்டுவிட்டுப் போவார்களாம். ஒரு வயது முடியவில்லை, போய்விட்டது. அடுத்தது மனோகரன். அதுவும் தங்கவில்லை. மூன்றாவதுக்குப் பேர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. வயிற்றுப்போக்கோ, ஜன்னியோ, அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? தெருவில் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். அழகான பேராக வைத்தாள், ஊரெல்லாம் கூப்பிட்டது, எமன் காதிலும் விழுந்துவிட்டது.

நாலாவது பிறந்த அன்றைக்கே, பிள்ளையைச் சுளகில் போட்டுக் கொல்லைப்பக்கக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்படிக் கிடக்கும் பிள்ளையை இன்னொருத்தி கண்டெடுக்க வேண்டும். பெற்றவள் தவிடு கொடுத்து அவளிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டும். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்தது என்று எமனை நம்பவைக்கிற ஏற்பாடு. கண்டெடுத்தவள் என் அம்மா. ஒரு படி தவிட்டுக்கு அத்தையிடம் விற்றாள். "அவன் எம்புள்ளை. மதினி தவிட்டுக்கு வாங்குனது" என்று அம்மா சாகும்வரை சொன்னாள். பிள்ளைக்குக் குப்பை என்று பேர். அத்தை அவனுக்கு நல்ல சட்டை போட மாட்டாள், தலைக்கு எண்ணெய் வைத்து வாரினால் உடனே கலைத்துவிடுவாள். பிள்ளை தங்கியது.

தங்கியது மட்டுமில்லை, அவன் ராஜா மாதிரி வளர்ந்தான். நல்ல நிறம், சுருட்டை முடி. என்னைவிட மூன்று நாலு வயது மூத்தவன். பள்ளிக்கூடத்தில் அவன் பட்ட பாட்டை நானே பார்த்திருக்கிறேன். கிழிந்த காகிதத்தையும் வேர்க்கடலைத் தோலையும் அவன் மடியில் கொட்டி, குப்பையைக் குப்பையில்தானே போடணும் என்பார்கள். வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கும்போது அந்த ஒரு பேருக்கு மட்டும் வகுப்பு சிரிக்கும். அவன் வீட்டில் வந்து ஒன்றும் சொல்ல மாட்டான். சொன்னால் அத்தை சந்தோஷப்படுவாள் என்று அவனுக்குத் தெரியும். ஊர் சிரிக்கச் சிரிக்க அவனுக்கு ஆயுசு என்பது அவள் கணக்கு.

பள்ளி இறுதி வகுப்பில் வாத்தியார் சொன்னார்: இப்போது பதிவாகிற பேர்தான் கடைசிவரைக்கும், மாற்றுவதென்றால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. அவன் மாமாவைத் தனியாகப் பார்த்து அழுதிருக்கிறான். மாமா வாழ்க்கையில் அத்தையைக் கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். குப்பை, மோகன் ஆனான்.

விஷயம் தெரிந்த அன்று அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தோம். போடவில்லை. மாமாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "கெடக்குற எடம் தெரியாமக் கெடந்தான். இப்ப எமனுக்கு வெலாசம் எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கீக."

அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. அவள் முன்னால் வேறு யாரும் சொல்லவும் விடமாட்டாள். அன்றிலிருந்து குப்பை, குப்பை என்று முன்னைவிட உரக்கக் கூப்பிட்டாள். ஒரு பக்கம் கெட்டதை இன்னொரு பக்கம் ஈடுகட்டுகிறவள் மாதிரி, சோற்றுக்கு ஒருதரம், வெற்றிலைக்கு ஒருதரம், சும்மா ஒருதரம். பையனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. திருச்சிப் பக்கம் லாரிக்கு மரத்தில் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் வேலைக்குப் போய்விட்டான். தச்சன் மகனுக்குத் தோதான வேலைதான். ஆனால் அவன் வேலைக்காகப் போகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆறு மாதமாக அவன் வராததால் அத்தை ஒருநாள் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பட்டறை வாசலில் காவல்காரரிடம் போய் நின்றாள்.

"குப்பையப் பாக்கணும்ங்க."

அவர் ஓரமாக இருந்த குப்பைத்தொட்டியைக் காட்டினார். பரிகாசம் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் புரிந்துகொண்டார்.

"எம்மகன். காரைக்குடிப் பய. சுருட்டை முடி."

"பேரு என்னம்மா?"

"அதான் சொன்னேனே. குப்பை."

"அப்படி யாரும் இங்க இல்லம்மா."

அம்மா பொறுக்க மாட்டாமல், "மோ" என்று வாயைத் திறந்தாள். அத்தை சட்டென்று திரும்பி அம்மா வாயைப் பொத்தினாள். உள்ளங்கையை எடுக்கவே இல்லை. அம்மா கண் கலங்கித் தலையாட்டிய பிறகுதான் எடுத்தாள். "வேணாம் மதினி. இருப்போம். சாயங்காலம் வெளிய வருவான்ல" என்றாள். இன்னும் இரண்டு எழுத்தைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வந்திருப்பான். வெயிலில் சாயங்காலம்வரை நின்றோம்.

வந்தான், கூட்டாளிகளோடு. தொளதொளச் சட்டை, வகிடெடுத்து வாரின தலை. அத்தை "யப்பா குப்பை" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. எங்களைத் தாண்டியே போனான். கூட்டாளி ஒருவன் எங்களைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டதற்கு அவன் இல்லையென்று தலையாட்டினான். அத்தை மறுபடி கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் மட்டும் ஓடிவந்தான். முகமெல்லாம் வேர்வை. "இங்குட்டு வந்து அப்படிக் கூப்புடாத ஆத்தா. ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுறேன்" என்றான். ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் எல்லாருக்கும் பூரி வாங்கிக் கொடுத்தான். அத்தை தன் பங்கைச் சாப்பிடாமல் அவன் இலைக்குத் தள்ளினாள். திரும்பும்போது பஸ்ஸில், "அவன் தலையப் பாத்தீகளா? கலைக்காம வந்துட்டேன்" என்று ஒன்றுமட்டும் சொன்னாள்.

அடுத்த மழைக்காலத்தில் தந்தி வந்தது. பட்டறையில் பாடி கட்டி முடித்த லாரியைக் கொண்டுபோய் விடும்போது கூடப் போயிருக்கிறான். தரைப்பாலத்தில் தண்ணீர் இழுத்துவிட்டது. மாமா மட்டும் போனார். உடம்பு தண்ணீரில் ஊறிப்போய் அப்புறம்தான் கரை ஒதுங்கியிருக்கிறது. ஊருக்குக் கொண்டுவர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கேயே காரியத்தை முடித்து, தலையை மழித்துக்கொண்டு வந்தார். தெருவே கூடி நின்றது. அத்தை அழவில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மொகத்தப் பாத்தீகளா?"

"சட்டையப் பாத்தேன். தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்த சட்டை."

"சட்டை கடையில ஆயிரம் விக்குது. மொகத்தப் பாத்தீகளா?"

மாமா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். பார்க்கிற நிலையில் முகம் இருந்திருக்காது.

"அவுக என்ன பேரு சொன்னாக?"

அவர் அவளையே பார்த்தார். சொல்லலாமா என்று பயந்ததுபோல் இருந்தது. "மோகன்னு" என்றார்.

"மோகன்" என்றாள் அத்தை. முதல்தடவையாக, தெளிவாக, தெருவில் போகிற யாருடைய பேரையோ சொல்வதுபோலச் சொன்னாள். "அப்ப அது மோகன். யாரு பெத்த புள்ளையோ, பாவம். எம்மகன் பேரு குப்பை."

பதினாறாம் நாள் காரியத்தை வீட்டில் செய்ய அவள் விடவில்லை. மாமா கோயில் ஊருணிக் கரையில் வைத்துத் தனியாகச் செய்தார். கண்டெடுத்தவள் என்ற பாத்தியதையில் அம்மா அழுதாள். அதற்கும் அத்தை கோபித்துக்கொண்டாள்: "உசுரோட இருக்குறவனுக்கு எதுக்கு மதினி ஒப்பாரி வைக்கிறீக?" அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுப்பு எரிந்தது, கணக்குத் தப்பாமல் சாமான் வாங்கினாள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. ஒரே ஒரு விஷயத்தில்தான் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தெரு அவளுக்கு நேர்மாறாக முடிவு செய்துவிட்டது. பேரை மாற்றினான், போய்விட்டான். இதை யாரும் அவள் முன்னால் சொல்லவில்லை. பின்னால் எல்லாரும் சொன்னார்கள், பேச்சியும் சொன்னாள், பத்தாவது படித்த பக்கத்துவீட்டு உஷாவும் சொன்னாள். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் எங்கள் தெருவில் பழைய பேர்கள் திரும்பிவந்ததை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பிறந்து ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு வீட்டில் பிச்சை என்றும் மூக்கன் என்றும் பேர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ரமேஷ் ஒன்று இருக்கும். ஆனால் கூப்பிடுவது பிச்சையைத்தான். நாகரிகமான பேர் உள்ள தாய்மார்கள்தான் இதில் முன்னால் நின்றார்கள்.

முதலில் அவர்கள் அத்தையிடம்தான் போனார்கள். பேர் கேட்க வேறு எங்கே போவது? அந்த உஷா, முதல் பிள்ளை குறைமாதத்தில் போனவள், இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு போனபோது நானும் கூட இருந்தேன்.

"பழைய பேரா ஒண்ணு சொல்லுங்கத்தை."

"எதுக்கு? நல்ல லச்சணமான புள்ள. சுரேஷ்னு வையி. இப்ப அதான் ஓடுது."

"இல்லத்தை. பழைய பேரா இருந்தாத் தேவலை."

"ஏண்டி, எதுக்குங்குறேன்?"

"ஒங்க மகன்" என்று ஆரம்பித்து உஷா நிறுத்திவிட்டாள்.

"எம்மகனுக்கு என்ன?" என்று அத்தை கேட்டாள்.

இரண்டு பேரும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உஷா எழுந்து வந்துவிட்டாள். அப்புறம் யாரும் அத்தையிடம் பேர் கேட்கப் போகவில்லை. ஒவ்வொருத்தி வந்து பழைய பேர் கேட்பதும் இவள் மகன் செத்தான் என்று சொல்வதாகத்தானே ஆகும்? வீட்டுக்கு வீடு அவரவரே வைத்துக்கொண்டார்கள். உஷா யாரையும் கேட்காமல் தன் மகனைக் குப்பை என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவளைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. ஒன்றைப் பறிகொடுத்தவள் வேறு என்ன செய்வாள்?

நான் கீழச்சிவல்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிரசவத்துக்கு வந்தபோது அந்தப் பையன் தெருவில் ஓடித்திரிகிற வயதுக்கு வந்திருந்தான். மாமா தவறிவிட்டார். அத்தை தனியாகத்தான் இருந்தாள். ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தோம். வெளியே உஷா, "குப்பை, ஏய் குப்பை, வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டாள்.

அத்தை எழுந்துவிட்டாள். கையை முந்தானையில் துடைத்தபடி வேகமாக வாசலுக்குப் போனாள். எனக்குப் பின்னால் எழுந்து போகத்தான் முடிந்தது, தடுக்க முடியவில்லை. பம்பரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பையன் ஓடிவந்தான். அவளைப் பார்த்து நின்றான். அவனுக்கு இது பழக்கம்போல் இருந்தது.

"என்னயத்தான் கூப்புட்டாக அப்பத்தா" என்றான்.

"தெரியும்யா" என்றாள் அத்தை. "நீ போ."

அவன் போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். ரயிலடிப் பக்கமிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

உஷாவிடம் போய்ச் சொன்னேன், பிள்ளையை வேறு பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதா என்று. அவள் என் நிறைவயிற்றைப் பார்த்துவிட்டு, "நீயா இருந்தா வேற பேரு சொல்லிக் கூப்புடுவியா அக்கா?" என்றாள். நான் வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாளும் அவள் கூப்பிட்டாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.